கண்வலிக்கிழங்கு விவசாயியின் கால் பெருவிரல்: ஒரு கவுட் நிகழ்வு ஆய்வு

ஐப்பசி மாதத்தில் ஒரு காலை. புறநோயாளிப் பிரிவு திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. 54 வயது விவசாயி ஒருவரை அவருடைய மகன் பைக்கில் கொண்டுவந்து இறக்கினார். இடது காலில் செருப்பு, வலது கால் வெறுங்கால். சுவரைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தவர், ரத்த அழுத்தம் பார்க்க உட்காரச் சொன்னதும் முதல் வேலையாக வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டார்.

"துணி பட்டாக்கூட உசுரு போவுதுங்க சிஸ்டர்."

வலது கால் பெருவிரலின் அடிமூட்டு வீங்கி, தோல் இழுத்துப் பிடித்தாற்போல் மினுமினுவென்று சிவந்திருந்தது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே சூடு தெரிந்தது. முந்தின நாள் விடியற்காலை மூன்று மணிக்கு வலி அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறது. அடி படவில்லை, முள் குத்தவில்லை. காய்ச்சலும் இல்லை.

நான் தாராபுரம் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். அந்தக் காலையிலிருந்து அடுத்த ஐப்பசி வரை இவரோடு நடந்ததை அவர் அனுமதியோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கவுட் என்பது யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்து வீக்கத்தையும் வலியையும் கொண்டுவரும் நோய். அதற்கு மருந்து இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் வலியோடு திரும்பத் திரும்ப வருகிறவர்கள் குறையவில்லை. எங்கே கோட்டை விடுகிறோம் என்பதை இந்த ஒருவரிடம்தான் நான் தெளிவாகப் பார்த்தேன்.

முன்கதை

பதினான்கு மாதங்களில் இது நான்காவது தடவை. முதல் மூன்று தடவையும் ஒரு மருந்துக் கடையில் 'செட்' மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். சின்னப் பொட்டலத்தில் நாலைந்து மாத்திரை, பெயர் கிடையாது, மூன்று வேளைக்கு. இரண்டு நாளில் வலி போய்விடும். வலி போனால் நோயும் போய்விட்டது என்றுதான் அவரும் நினைத்தார், வீட்டிலும் நினைத்தார்கள்.

ஆறு வருடமாக ரத்த அழுத்தம். டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த ஒரே மாத்திரையைத் தினமும் காலையில் போடுகிறார். சர்க்கரை இல்லை. சனிக்கிழமை இரண்டு பீர், ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரலோ குடலோ. மூன்று ஏக்கரில் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், போட்டிருக்கிறார். ஐப்பசியில் செடி பூத்துவிட்டால் மகரந்தத்தைக் கையால்தான் தொட்டு வைக்க வேண்டும். காலையில் தோட்டத்துக்குள் போனால் உச்சிவெயில் வரை தண்ணீர் குடிக்கக்கூட நினைவு வராது என்றார். இதை நான் குறிப்பில் அடிக்கோடிட்டு வைத்தேன். உடம்பில் நீர் வற்றுவதும் கவுட்டைக் கிளப்பும்.

ரத்த அழுத்தம் 150/94. கிரியாட்டினின் 1.5, அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 55, இருக்க வேண்டியதைவிடக் குறைவு. யூரிக் அமிலம் 6.4. ஆய்வகத் தாளில் இது 'இயல்பு' வரம்புக்குள்தான் இருந்தது.

"யூரிக் ஆசிட் நார்மல்னு போட்டிருக்குதே, அப்ப இது வேறயாட்டம் இருக்குதுங்களா?" என்று மகன் கேட்டார். நல்ல கேள்வி. வலி உச்சத்தில் இருக்கும் நாளில் ரத்தத்தில் யூரிக் அமிலம் இறங்கிக் காட்டுவது உண்டு. அன்றைய எண்ணை வைத்துக் கவுட் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வலி அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து எடுப்பதுதான் உண்மையான எண். இவருக்கு மூன்று வாரம் கழித்து எடுத்தபோது 9.6 இருந்தது.

மூட்டிலிருந்து நீரை எடுத்து நுண்ணோக்கியில் ஊசி போன்ற படிகங்களைப் பார்ப்பதுதான் உறுதியான வழி. எங்களிடம் அந்த வசதி இல்லை. காய்ச்சல் இல்லாததும், திரும்பத் திரும்ப அதே விரலில் வந்ததும், இரவில் திடீரென்று தொடங்கியதும் மருத்துவரைக் கவுட் பக்கம் கொண்டுபோயின. அப்புறம் வலது முழங்கையைத் தடவிப் பார்த்தார். கொட்டைமுத்து அளவுக்கு ஒரு கட்டி. "அது கொழுப்புக் கட்டிங்க, ரெண்டு வருசமா கெடக்குது" என்றார் இவர். அது கொழுப்பு இல்லை, தோலுக்கடியில் படிந்துபோன யூரிக் அமில உப்பு. டோஃபஸ் என்பார்கள். அதைப் பார்த்த பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அகராதியில் கவுட்டுக்குக் கீல்வாதம் என்று இருக்கும். எங்கள் பக்கம் எந்த மூட்டு வலித்தாலும் வாதம்தான். அதனால் நோயாளியிடம் பேசும்போது நான் 'கவுட்' என்றே சொல்கிறேன். ஒரு நோய்க்கு ஒரு பெயர் இருந்தால்தான் அடுத்த ஊர் மருத்துவரிடம் அவரால் சொல்ல முடியும்.

முதல் மருந்து: வலிக்கு

வலியை அடக்க மூன்று வழிகள் உண்டு: கோல்சிசின்; டைக்ளோஃபினாக், நேப்ராக்சென், எட்டோரிகாக்சிப் போன்ற வலிநிவாரணிகள்; இல்லையென்றால் சில நாள் ஸ்டீராய்டு. இவருக்குச் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, ரத்த அழுத்தமும் கூட. அதனால் இரண்டாவது வகை வேண்டாம் என்று மருத்துவர் முடிவு செய்தார். பதினான்கு மாதமாக அந்தப் பொட்டலங்களில் என்னென்ன உள்ளே போயிருக்குமோ என்று எனக்கு அப்போதே பகீரென்றது.

கோல்சிசின் 0.5 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாளிலிருந்து காலை ஒன்று, இரவு ஒன்று, வலி அடங்கும்வரை. வலி தொடங்கியதும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவுக்கு வேலை செய்யும் மருந்து இது. ஒன்றரை நாள் கடப்பதற்குள் அவர் வந்துவிட்டது நல்லதாகப் போயிற்று.

முன்பெல்லாம் பேதியாகும்வரை மணிக்கு ஒன்று கொடுப்பார்கள். 2010இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு மணி நேரத்துக்குள் 1.8 மில்லிகிராம் கொடுத்தவர்களையும், ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். வலி குறைந்தது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வயிற்றுப்போக்கு மட்டும் குறைந்த அளவில் நூற்றுக்கு 23 பேருக்கு, அதிக அளவில் 77 பேருக்கு. அதற்குப் பிறகும் பழைய முறையைப் பிடித்துக்கொண்டிருக்க எந்தக் காரணமும் இல்லை.

இந்த இடத்தில் நான் ஆர்வத்தில் ஒன்று சொல்லிவிட்டேன். "அண்ணா, உங்க தோட்டத்துல விளையுதே கண்வலி, அந்த விதையில இருக்கிற சரக்குதான் இந்த மாத்திரை." செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர் என்பது பலருக்குத் தெரியும். அதன் விதையிலிருந்து கோல்சிசின் எடுக்கிறார்கள் என்பது, அதை மூட்டையில் கட்டி விற்கிறவர்களிலேயே எல்லோருக்கும் தெரிவதில்லை. அவர் முகம் மலர்ந்தது. அடுத்த கேள்வியில் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

"அப்ப ஊட்ல மூட்டையே கெடக்குதுங்களே. ரெண்டு விதையப் பொடி பண்ணித் தண்ணியில போட்டுக் குடிச்சா ஆகாதுங்களா?"

எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். மாத்திரையில் அரை மில்லிகிராம் என்றால் அரை மில்லிகிராம்தான் இருக்கும். விதையில் எவ்வளவு இருக்கும் என்பது செடிக்குச் செடி மாறும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளவு மீறினால் முதலில் வாந்தி, பேதி. பிறகு ஒவ்வொரு உறுப்பாகச் செயலிழக்கும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்தும். முறிக்கிற மருந்து கிடையாது. இந்தக் கிழங்கைத் தின்று உயிரை விட்டவர்கள் கதை அந்த ஊரில் அவருக்கே தெரியும். "கெழங்கு மட்டும்தான் வெசம்னு நெனச்சேனுங்க" என்றார். அன்றைய பாடத்தில் மிக முக்கியமானது அதுதான். கேட்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். கண்வலி விளையும் ஊர்களில் கோல்சிசின் கொடுக்கும் ஒவ்வொருவரும், தோட்டம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

மூன்றாம் நாள் அவர் இரண்டு செருப்பும் போட்டுக்கொண்டு வந்தார்.

இரண்டாவது மருந்து: உப்புக்கு

ரத்தத்தில் யூரிக் அமிலம் 6.8ஐத் தாண்டினால் அது கரைந்து நிற்க முடியாமல் படியத் தொடங்கும். உடம்பின் குளிர்ந்த ஓரங்களில், முக்கியமாகக் கால் பெருவிரலில். கோல்சிசின் இந்தப் படிவத்தைத் தொடவே தொடாது. படிகத்தைப் பார்த்து வெள்ளணுக்கள் போடும் சண்டையை மட்டும் நிறுத்தும். படிவம் கரைய வேண்டுமென்றால் யூரிக் அமிலம் 6க்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். கட்டி இருப்பவர்களுக்கு 5க்குப் பக்கத்தில் கொண்டுபோனால் இன்னும் சீக்கிரம் கரையும்.

அதற்கு அல்லோபியூரினால். 1960களில் வந்த மருந்து. அதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988இல் நோபல் பரிசு பெற்றார்கள். யூரிக் அமிலம் உண்டாகும் கடைசிப் படியை இது அடைக்கிறது. விலையும் குறைவு. வருடக்கணக்கில் போட வேண்டிய மருந்துக்கு விலை சின்ன விஷயம் இல்லை.

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு மருந்தான ஃபெபுக்சோஸ்டாட் ஏன் இல்லை என்று கேட்கலாம். எங்கள் பக்கச் சீட்டுகளில் அதைத்தான் அதிகம் பார்க்கிறேன். 2018இல் வந்த ஓர் ஆய்வில், இதயநோய் உள்ளவர்களில் அதைப் போட்டவர்களிடம் மரணம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. 2019இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை சேர்த்தது. 2020இல் ஐரோப்பாவில் நடந்த இன்னொரு ஆய்வில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அது கெட்ட மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. அல்லோபியூரினால் ஒத்துக்கொள்ளாதபோது நிச்சயம் தேவைப்படும். முதலில் கையில் எடுக்க வேண்டியது அல்லோபியூரினால் என்றார் எங்கள் மருத்துவர், எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது. இரண்டு மருத்துவர்களிடம் காட்டுகிறவர்கள் பையில் இரண்டும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சிறுநீரகத்தைக் கருதி 50 மில்லிகிராமில் தொடங்கினார்கள், அதாவது 100 மாத்திரையில் பாதி. நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது திட்டம். கூடவே கோல்சிசின் தினம் ஒன்று, காவலுக்கு. ரத்த அழுத்த மாத்திரையிலும் கை வைத்தார்கள். ஹைட்ரோகுளோரோதையசைடு யூரிக் அமிலத்தை உடம்பில் தேக்கும். லோசார்டன் அதைக் கொஞ்சம் வெளியேற்றும். அதனால் பழையதை எடுத்துவிட்டு லோசார்டனும் அம்லோடிபினும் வந்தன.

மார்கழியில் நடந்தது

ஆறாவது வாரம் ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டியவர் வரவில்லை. அடுத்த வாரம் அவர் மனைவி மட்டும் வேறு வேலையாக வந்தார். கேட்டேன். "மறுக்காவும் வீங்கிருச்சுங்க சிஸ்டர். அந்தப் புது மாத்தரையிலதான் வந்துச்சுன்னு நிறுத்திட்டாரு. பன்னண்டு நாளாச்சு."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முதல் தடவை நான் எப்படிச் சொன்னேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். மருந்து கொடுக்கும் ஜன்னல் அருகே, பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்க, நாலு நிமிடத்தில் எட்டு விஷயம் சொல்லியிருக்கிறேன். "ஆரம்பத்துல கொஞ்சம் வலி வரலாம்ணா, பயப்படாதீங்க" என்பது அதில் ஐந்தாவதோ ஆறாவதோ. அதுதான் அவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். யூரிக் அமிலம் இறங்கத் தொடங்கும்போது பழைய படிவம் அசைகிறது, துகள்கள் உதிர்கின்றன, அதனால் முதல் சில மாதங்களில் வலி கூடுதலாகவே வரலாம். அதற்குத்தான் தினம் ஒரு கோல்சிசின். வந்தால், மருந்து வேலை செய்கிறது என்று பொருள். தெரியாதவருக்கோ, மருந்தே வலியைக் கொண்டுவந்தது போலத்தான் தோன்றும். கோல்சிசினையும் அவர் முதல் இரண்டு வாரத்தோடு விட்டிருந்தார், 'வலி இல்லையே' என்று.

இரண்டு பேரையும் மதியம் வரச் சொன்னேன், கூட்டம் இல்லாத நேரத்தில். ஒரு தாளில் மூட்டை வரைந்து, உள்ளே சின்னச் சின்ன ஊசிகள் வரைந்து சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் அவரே நிறுத்தினார்.

"சொட்டுநீர்க் கொழாயில உப்பு அடைக்கிற மாதிரிங்களா?"

ஆமாம் என்றேன்.

"அதுக்கு ஆசிட் உடுவோமுங்க. உட்ட ஒடனே சரியாவாது. மொதல்ல உப்புச் சில்லு பேந்து வந்து இன்னும் நாலு எடத்துல அடைக்கும். கடைசி மூடியத் தொறந்து உட்டு அலசோணும். அடைக்குதேன்னு ஆசிட்ட நிறுத்துனா கொழாயே போச்சு."

நான் சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அல்லோபியூரினால்தான் அந்த ஆசிட், உதிர்கிற சில்லு வலியைக் கிளப்பாமல் பார்த்துக்கொள்வதுதான் கோல்சிசின் என்றேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கவுட் நோயாளிகளுக்கு இப்போது நான் இந்தக் குழாய்க் கதையைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் அவர் மனைவியிடம் திரும்பி, "அக்கா, இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க. வலி வந்தா எந்த மாத்திரைய நிறுத்தணும்?" என்று கேட்டேன். "எதையும் நிறுத்தக் கூடாதுங்க" என்றார். "எப்ப நிறுத்தணும்?" என்றேன். அவர் விழித்தார். அதுவும் என் தவறுதான்.

நிறுத்த வேண்டிய நேரம் ஒன்று உண்டு. அல்லோபியூரினால் தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களில் உடம்பில் தடிப்பு, அரிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். அரிதாக வருவதுதான், ஆனால் வந்தால் தோலே உரிந்து உயிருக்கு ஆபத்தாகும். குறைந்த அளவில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஹான் சீனர், கொரியர், தாய்லாந்துக்காரர், ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆகியோருக்கு முன்கூட்டியே அதைச் சோதிக்கச் சொல்கிறது 2020இல் வந்த அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் வழிகாட்டுதல். இவருக்கு அந்தச் சோதனை செய்யவில்லை. அதனால் தடிப்பு வருகிறதா என்று அவர் முதுகைப் பார்க்கும் பொறுப்பை மனைவி ஏற்றுக்கொண்டார்.

மாத்திரை அட்டைகளின் பின்னால் மார்க்கரில் எழுதிக் கொடுத்தேன். அல்லோபியூரினால் அட்டையில் 'வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும்'. கோல்சிசின் அட்டையில் 'இரவு 1. வலி வந்தால் போன் செய்யவும்'. ஒரு சின்ன அட்டையில் அவர் போடும் எல்லா மருந்துப் பெயரும், கீழே சிவப்பில் 'கோல்சிசின் போடுகிறார். கிளாரித்ரோமைசின் கொடுக்க வேண்டாம்' என்றும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த நுண்ணுயிர்க் கொல்லி, கோல்சிசினை உடம்பை விட்டுப் போக விடாமல் தேக்கிவிடும். சிறுநீரகம் தளர்ந்தவர்கள் இதனால் இறந்திருக்கிறார்கள். மாசியில் அவருக்கு இருமல் வந்து வேறொரு மருத்துவரிடம் போனார். எழுதப்பட்டது அதே மருந்து. அட்டையைக் காட்டியதும் அந்த மருத்துவர் உடனே மாற்றிக் கொடுத்திருக்கிறார். அன்று மாலை இவர் எனக்குப் போன் செய்து சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு அன்று இரவுச் சாப்பாடே இறங்கவில்லை.

சாப்பாடு

அந்த மதியம் மனைவி தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு வருடமாக வீட்டில் தக்காளி இல்லை, துவரம்பருப்பு இல்லை, கீரை இல்லை. "ரசத்துக்குக்கூட தக்காளி போடறதில்லீங்க. அவரு என்னத்தச் சாப்புடுவாரு?" கேட்கும்போதே குரல் கம்மியது.

2004இல் வெளியான ஆய்வு ஒன்றில் 47,150 ஆண்களைப் பன்னிரண்டு வருடம் கவனித்தார்கள். இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் கூடுதலாக வந்தது. பருப்பு, கீரை, காளான் போன்ற பியூரின் உள்ள காய்கறிகளால் கூடவில்லை. பால் பொருட்கள் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. ஆக, ஒரு வருடம் தக்காளியைத் தள்ளி வைத்த வீட்டில் சனிக்கிழமை பீரும் ஞாயிற்றுக்கிழமை ஈரலும் நடந்துகொண்டிருந்தன. பீரை விடச் சொன்னேன். ஈரல், குடல், நெத்திலி, மத்தி வேண்டாம். கறி எப்போதாவது கொஞ்சம். பாட்டிலில் வரும் இனிப்புக் குளிர்பானம் வேண்டாம், அதன் சர்க்கரையும் யூரிக் அமிலத்தை ஏற்றும். பருப்பு, கீரை, தக்காளி, மோர் எல்லாம் தாராளமாக. தோட்டத்துக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கேன்.

ஆனால் சாப்பாட்டை மட்டும் கட்டினால் யூரிக் அமிலம் பெரும்பாலும் ஒரு புள்ளி இறங்கும். 9.6 இருப்பவருக்கு அது போதாது. இதை நேராகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நோய்க்குக் காரணம் தன் நாக்குதான் என்று நோயாளி தன்னையே நொந்துகொள்வார். இவருடைய அப்பாவுக்கும் இதே விரலில் வலி இருந்திருக்கிறது.

மகன் தானும் ரத்தம் கொடுத்துப் பார்த்தார், 7.8. எந்த வலியும் இல்லை. அவருக்கும் மாத்திரை வேண்டுமா என்றார்கள். வேண்டாம். வலியோ கட்டியோ இல்லாமல் எண் மட்டும் கூடியிருப்பவருக்குப் பொதுவாக மருந்து தொடங்குவதில்லை.

எண்கள்

அல்லோபியூரினாலைத் திரும்ப 50இல் தொடங்கினோம். தை மாதம் 100, அப்போது யூரிக் அமிலம் 8.5. மாசிக் கடைசியில் 200, பங்குனியில் 6.9. பிறகு 300. வைகாசியில் 5.6. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு 300 வரை போகலாமா என்று நானே மருத்துவரிடம் கேட்டேன். குறைவாகத் தொடங்குவதுதான் முக்கியம், பார்த்துப் பார்த்து ஏற்றினால் இலக்கை அடையும்வரை ஏற்றலாம் என்றார். பலர் 100 மில்லிகிராமிலேயே வருடக்கணக்கில் நிற்கிறார்கள். எண் 8இலேயே இருக்கும், வலியும் வரும், மருந்துமேல் பழி விழும்.

பங்குனியில் ஒரு முறை லேசாக வலித்திருக்கிறது. போன் செய்தார், கோல்சிசினை அன்று கூட்டிப் போட்டார், அல்லோபியூரினாலைத் தொடவில்லை. ஆடியில் கிழங்கு நடும் சமயம் கோல்சிசினை நிறுத்தினோம்.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 517 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. மருந்துகள் அதேதான். ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பார்த்துக்கொண்டார்கள், நோயை விளக்கினார்கள், நோயாளியோடு பேசி அளவை ஏற்றினார்கள். இன்னொரு பிரிவினர் வழக்கம்போலக் குடும்ப மருத்துவரிடம் போனார்கள். இரண்டு வருட முடிவில் யூரிக் அமில இலக்கை அடைந்தவர்கள் செவிலியர் பிரிவில் நூற்றுக்கு 95, மற்றதில் 30. மார்கழியில் அவர் மாத்திரையை நிறுத்திய பிறகுதான் எங்கள் மருத்துவர் இதை எனக்குப் படிக்கக் கொடுத்தார். அதைக் காட்டித்தான் நான் மதியம் இரண்டிலிருந்து மூன்று மணி வரை கவுட் நோயாளிகளுக்கென்று ஒரு நாற்காலியும் மேசையும் கேட்டு வாங்கினேன். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்.

இந்த ஐப்பசியில் பூ எடுத்து மகரந்தம் தொடும் வேலை முடிந்த பிறகு வந்தார். யூரிக் அமிலம் 5.3, கிரியாட்டினின் 1.4, ரத்த அழுத்தம் 132/84. ஏழு மாதமாக வலி இல்லை. முழங்கைக் கட்டி பட்டாணி அளவுக்கு வந்திருக்கிறது, இன்னும் போகவில்லை. "எத்தன நாளைக்குங்க இந்த மாத்தர?" என்று கேட்டார். கட்டி கரைந்த பிறகும் போட வேண்டியிருக்கும், நிறுத்தினால் மறுபடி படியும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதியை விதை பறித்து முடித்த பிறகு வைக்கச் சொன்னார். மாசி முதல் வாரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.